மெக்சிகோவின் சிரிப்பு நாயகன் டின் டான்: திரைவாழ்க்கை எப்படிப்பட்டது, கான்டின்ஃப்ளாஸ் அளவுக்குப் பெயர் ஏன் பரவவில்லை?

மெக்சிகோ நகைச்சுவைப் படம் என்றாலே எல்லோரும் கான்டின்ஃப்ளாஸ் பெயரைச் சொல்கிறார்கள், டின் டான் என்று இன்னொருவரும் பெரிய ஆள் என்கிறார்களே, அவர் யார், அவர் பெயர் ஏன் வெளியே தெரியவில்லை என்பதுதான் கேள்வி.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். டின் டான் நூறு படங்களுக்கு மேல் நடித்தவர். அவற்றில் மிகச் சிறந்தவை 1948க்கும் 1950களின் நடுப்பகுதிக்கும் இடையில் வந்தன. அந்தச் சில ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், மெக்சிகோ சினிமாவில் அவருக்கு மேலான நகைச்சுவை நாயகன் இல்லை என்பேன். கான்டின்ஃப்ளாஸையும் கணக்கில் வைத்துத்தான் சொல்கிறேன். வெளிநாடுகளில் பெயர் பரவாததற்கு முக்கியக் காரணம், கான்டின்ஃப்ளாஸ் தன் படங்களுக்குத் தானே முதலாளி ஆனார், டின் டான் பெரும்பாலும் சம்பளத்துக்கு நடிப்பவராகவே இருந்தார். மீதிக் காரணங்கள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

இனி விரிவாக. இயற்பெயர் ஹெர்மான் வால்டெஸ். 1915 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரத்தில் பிறந்தார். அப்பாவுக்குச் சுங்கத் துறை சார்ந்த வேலை. ஊர் ஊராக மாற்றல் ஆகும் குடும்பம். வெராக்ரூஸ் துறைமுகத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 1920களின் பிற்பகுதியில் வடக்கே சியுதாத் ஹுவாரெஸுக்குப் போனார்கள். அந்த ஊரைப் புரிந்துகொண்டால்தான் இந்த நடிகரைப் புரிந்துகொள்ள முடியும். ஒரே ஆறு, இக்கரையில் மெக்சிகோவின் ஹுவாரெஸ், அக்கரையில் அமெரிக்காவின் எல் பாசோ. பாலத்தில் நடந்தே போய் வந்துவிடலாம். பையன்கள் ஒரு வாக்கியத்தை ஸ்பானிஷில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பார்கள். அக்கரை வானொலியில் ஜாஸும் அதன் துள்ளல் வகையான ஸ்விங்கும், இக்கரை மதுக்கடைகளில் உருகிப் பாடும் காதல் பாட்டான பொலேரோவும் நாட்டுப்புறச் சாயல் கொண்ட ரான்சேராவும். ஹெர்மான் இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டு வளர்ந்தார்.

எக்ஸ்.இ.ஜே. என்ற உள்ளூர் வானொலி நிலையத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். ஒரு நாள் ஒலிவாங்கி வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொன்னபோது, அன்றைக்கு நாடே கொண்டாடிய பாடலாசிரியர் அகுஸ்தின் லாரா பாடுவதுபோல் பாடிக் காட்டினார், அது ஒலிபரப்பாகிவிட்டது, மறுநாளிலிருந்து அவர் அறிவிப்பாளர் என்று ஒரு கதை உண்டு. அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இதைச் சொல்வார்கள். கதை கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனால் குரல் மிமிக்ரிதான் அவருக்கு வழி திறந்தது என்பதில் ஐயமில்லை. வானொலியில் அவருக்கு அப்போது 'டோபியோ தாபாஸ்' என்று வேறொரு பெயர்.

1943இல் பாகோ மில்லர் என்ற பேசும்பொம்மைக் கலைஞரின் நாடகக் குழு ஹுவாரெஸ் வழியாக வந்தது. ஹெர்மான் அதில் சேர்ந்துகொண்டார். 'டின் டான்' என்ற பெயர் அங்கே கிடைத்தது. அதைவிடப் பெரிய வரவு மார்செலோ சாவெஸ். கிடார் வாசிப்பவர், வழுக்கைத் தலை, பருத்த உடம்பு, எதற்கும் அசையாத முகம். டின் டான் துள்ளத் துள்ள, பக்கத்தில் நிதானமாக நின்று தாளம் தப்பாமல் எடுத்துக் கொடுக்கிற கூட்டாளி. இருவரும் மேடையில் பாடுவார்கள், ஒருவரையொருவர் வம்புக்கு இழுப்பார்கள். அந்தக் கூட்டு ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் நீடித்தது. நல்ல நகைச்சுவை நடிகருக்குப் பக்கத்தில் அடக்கமாக நிற்கத் தெரிந்த ஆள் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை இவர்கள் படங்களைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

குழுவோடு மெக்சிகோ நகரத்துக்கு வந்தபோது டின் டான் பச்சூக்கோ வேடத்தில் மேடையேறினார். பச்சூக்கோ என்பவர்கள் எல்லைப் பகுதியிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் வாழ்ந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள். முழங்கால்வரை தொங்கும் கோட்டு, தொடையில் அகன்று கணுக்காலில் இறுகும் கால்சட்டை, பாக்கெட்டிலிருந்து வளைந்து தொங்கும் நீளச் சங்கிலி, இறகு செருகிய தொப்பி. இந்த உடை அந்த நேரத்தில் வெறும் வேடிக்கை உடையாக இல்லை. அதே 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்கக் கடற்படையினரும் மற்ற படைவீரர்களும் கூட்டமாகக் கிளம்பி, இந்த உடை போட்ட இளைஞர்களைத் தேடிப் பிடித்து அடித்தார்கள், நடுத்தெருவில் துணியைக் கிழித்தார்கள். காவல்துறை பெரும்பாலும் அடிவாங்கியவர்களையே கைது செய்தது. அங்கே அடி வாங்கித் தந்த உடையை இங்கே ஒருவர் பெருமையாகப் போட்டுக்கொண்டு ஆடுகிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மெக்சிகோ நகரத்துப் படித்தவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. இவன் பேச்சில் பாதி ஆங்கிலம், நம் மொழியைக் கெடுக்கிறான் என்று எழுதினார்கள். ஒருபக்கம் அந்தக் கவலையும் புரிந்துகொள்ளக்கூடியதே, பெரிய நாட்டின் நிழலில் வாழும் மக்களுக்கு மொழி பற்றிய அச்சம் இருக்கும். ஆனால் டின் டான் பேசியது அவர் ஊரில் மனிதர்கள் உண்மையில் பேசிய பேச்சு. 1942இல் இரு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி லட்சக்கணக்கான மெக்சிகோ தொழிலாளர்கள் அமெரிக்கப் பண்ணைகளுக்குப் போய் வந்துகொண்டிருந்த காலம் அது. அவர்கள் நாவில் ஏறிய பேச்சுதான் மேடையில் கேட்டது.

சினிமாவில் முதலில் ஒரு சின்னத் தலைகாட்டல், 'ஓட்டல் தெ வெரானோ' என்ற படத்தில். நாயகனாக முதல் படம் 1945இல் எடுத்த 'எல் ஹிஹோ தெசொபெதியென்தே', அதாவது கீழ்ப்படியாத மகன். உம்பெர்தோ கோமெஸ் லாந்தேரோ இயக்கினார். அவரோடு மொத்தம் ஐந்து படங்கள். பச்சூக்கோ வேடத்தின் வேகத்தை நேராகப் பார்க்க இந்தப் படங்கள்தான் இருக்கின்றன. ஆனால் படங்களாக இவை தொளதொளவென்று இருக்கும். மேடை நிகழ்ச்சியைக் கேமரா முன்னால் நடத்திக் காட்டுவதுபோல, பாட்டு, அடுத்து ஒரு சிரிப்புக் காட்சி, மறுபடி பாட்டு.

எல்லாம் மாறியது 1948இல், இயக்குநர் ஹில்பெர்தோ மார்ட்டினெஸ் சொலாரெஸ் வந்தபோது. அவர் ஒளிப்பதிவிலிருந்து இயக்கத்துக்கு வந்தவர். அவர் தம்பி ராவுல் ஒளிப்பதிவாளர். திரைக்கதைக்கு ஹுவான் கார்சியா, 'பெரால்வியோ' என்று தன் பேட்டையின் பெயரையே பட்டப்பெயராக வைத்துக்கொண்டவர். நகரத்து அடித்தட்டு மக்கள் பேசும் பேச்சு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. படங்களில் டின் டானின் அடியாள் கூட்டத்தில் ஒருவராக அவரே நடிக்கவும் செய்வார். முதல் படம் 'கலபசீத்தாஸ் தியெர்னாஸ்'. பச்சூக்கோவை ஓரளவு அடக்கி, அவரைத் தலைநகரத்துத் தெருவில் பிழைக்கத் தெரிந்த ஆளாக மாற்றினார்கள். திட்டியவர்களுக்காகச் செய்த சமரசம் என்று இதைச் சிலர் குறை சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. உடை மாறியது, நடையும் தோளைக் குலுக்குவதும் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஸ்விங்கும் அப்படியே இருந்தன.

இந்தக் கூட்டணியைச் சுற்றி ஒரு நடிகர் படையே சேர்ந்தது. கொக்கு மாதிரி ஒல்லியாக நெடுநெடுவென்று நிற்கும் விட்டோலா, கனடாவில் பிறந்தவர். மல்யுத்த வீரர் வுல்ஃப் ருவின்ஸ்கிஸ், லாட்வியாவின் ரீகாவில் பிறந்தவர். குள்ள நடிகர் டுன் டுன். பிறகு டின் டானின் சொந்தத் தம்பிகள். படத்துக்குப் படம் இதே முகங்கள். ஒருவர் எப்போது கண்ணைச் சிமிட்டுவார் என்பது மற்றவருக்குத் தெரியும். அதனால்தான் டின் டான் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டுப் போகிறபோக்கில் ஒன்றைச் சொன்னாலும் காட்சி கலையவில்லை. கேமராவை நேராகப் பார்த்து நம்மிடமே பேசிவிட்டு மறுபடி கதைக்குள் போவார். மார்ட்டினெஸ் சொலாரெஸ் அதையெல்லாம் வெட்டாமல் வைத்துக்கொண்டார். ஒரு இயக்குநராக அவருடைய பெரிய குணம் இதுதான்.

ஒரே ஒரு படத்தைப் பார்ப்பதாக இருந்தால் 1950இல் வெளிவந்த 'எல் ரேய் தெல் பார்ரியோ', பேட்டையின் ராஜா. ஒரு முற்றத்தைச் சுற்றிய ஒண்டுக்குடித்தன வீடுகள். அங்கே டின் டான் ரயில்வேயில் வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு வாழ்கிறார். உண்மையில் ஒரு திருட்டுக் கும்பலுக்குத் தலைவர். பணக்காரர்களிடம் அடித்து அக்கம்பக்கத்து ஏழைகளுக்குக் கொடுக்கிறார். பிரெஞ்சு ஓவியர், இத்தாலியப் பாட்டு வாத்தியார், ஸ்பெயின் ஜிப்சிப் பாடகர் என்று வேடம் மாற்றி மாற்றிப் பணக்கார வீடுகளுக்குள் நுழைகிறார், ஒவ்வொன்றிலும் சொதப்புகிறார். விட்டோலாவோடு அவர் ஓப்பரா பாடும் காட்சியில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் மிஞ்சப் பார்ப்பதை எழுத்தில் சொல்ல முடியாது, பார்க்கத்தான் வேண்டும். மார்செலோ போலீஸ்காரர். நாயகி சில்வியா பினால், அப்போது மிக இளம் வயது. பின்னால் இயக்குநர் லூயிஸ் புனுவெலின் 'விரிதியானா'வில் நடித்து உலகம் அறிந்தவரும் இவர்தான். இந்தப் படத்தில் வறுமையைக் காட்டும் விதத்தைக் கவனியுங்கள். ஏழைகளைப் பார்த்து இரங்கும் தொனி இல்லை, அவர்களுக்குப் புத்தி சொல்லும் தொனியும் இல்லை. வாடகை பாக்கி, பசி, நோய் எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே அந்த மனிதர்கள் மிடுக்காக உடுத்துகிறார்கள், ஆடுகிறார்கள், காதலிக்கிறார்கள்.

'எல் சென்னிசியெந்தோ'வும் அந்தத் தரம். சிண்டரெல்லா கதையை ஆணுக்கு மாற்றியது. தெற்கே சியாபாஸ் மாநிலத்தின் சாமுலா பழங்குடி உடையில் ஓர் அப்பாவி இளைஞன் தலைநகருக்கு வந்து சேர்கிறான். வந்த வீட்டில் அவனை வேலைக்காரனாக்கி வதைக்கிறார்கள். தேவதைக்குப் பதிலாக ஒரு ஞானத்தந்தை, மூத்த நடிகர் ஆந்த்ரெஸ் சோலெர் நடித்தது. இன்றைய கண்ணுக்கு அந்தப் பழங்குடி வேடம் சில இடங்களில் உறுத்தும், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் படம் யார் பக்கம் நிற்கிறது என்பதில் குழப்பமில்லை. நகரத்து வீட்டின் கஞ்சத்தனத்தையும் நிறத் திமிரையும்தான் அது சிரிக்கச் சிரிக்கத் தோலுரிக்கிறது.

'நாயகன்' என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கான்டின்ஃப்ளாஸின் பாத்திரம் இடுப்பில் நிற்காத கால்சட்டையோடு, வாலும் தலையும் இல்லாமல் சுற்றிச் சுற்றிப் பேசியே அதிகாரிகளைத் திணறடிக்கும் ஏழை. மேதைத்தனமான பாத்திரம், குறிப்பாக 1940இல் வந்த 'ஆயி எஸ்தா எல் தெதாயே' படத்தின் நீதிமன்றக் காட்சியில். ஆனால் அங்கே பேச்சுதான் எல்லாம். டின் டானிடம் உடம்பு முழுவதும் பேசியது. பொலேரோவை உண்மையான உருக்கத்தோடு பாடுவார், கேட்கிறவர் சிரிக்க மறந்துவிடுவார். அடுத்த நொடியே மாம்போவோ ஸ்விங்கோ ஆடுவார், அதுவும் தேர்ந்த ஆட்டக்காரரின் ஆட்டம். காதல் காட்சியில் நாயகி அவரை விரும்புவதை நம்ப முடியும். சிரிப்பையும் காதலையும் இசையையும் ஒரே ஆள் ஒரே காட்சியில் தாங்கிய உதாரணம் அந்த நாட்டுச் சினிமாவில் வேறு இல்லை.

பெயர் பரவாத விஷயத்துக்கு வருகிறேன். கான்டின்ஃப்ளாஸ், அதாவது மாரியோ மொரேனோ, 1940களின் தொடக்கத்திலேயே கூட்டாளிகளோடு போசா ஃபிலிம்ஸ் என்ற சொந்த நிறுவனத்தை நிலைநிறுத்திக்கொண்டார். படங்களை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோக ஹாலிவுட்டின் கொலம்பியா நிறுவனம் இருந்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு படம், நிதானமாக. 1956இல் 'எண்பது நாட்களில் உலகப் பயணம்' படத்தில் வேலையாள் பாஸ்பார்ட்டூவாக நடித்து கோல்டன் குளோப் விருது வாங்கினார். அடுத்து ஹாலிவுட்டில் எடுத்த 'பெப்பே' எடுபடாமல் போனபோதும், சொந்த ஊரில் அவர் அரியணை ஆடவில்லை.

டின் டானுக்கு இந்தக் கட்டமைப்பு எதுவும் இல்லை. வந்த படத்தில் நடித்தார், வந்த பணத்தைத் தாராளமாகச் செலவழித்தார். ஆண்டுக்கு நான்கைந்து படங்கள் என்பது அவருக்குச் சாதாரணம். தயாரிப்பாளர்களுக்கு அவசரம். புகழ்பெற்ற கதைப் பெயர் ஒன்றைத் திருகி, சில வாரங்களில் எடுத்து முடித்துவிடுவார்கள். ஸோரோ, சிந்துபாத், மான்டி கிறிஸ்டோ, மூன்று மஸ்கெட்டியர்கள், சாம்சன், ராபின்சன் குரூசோ என எல்லாக் கதைகளுக்கும் டின் டான் நையாண்டி உண்டு. தொடக்கத்தில் வந்தவை நன்றாகவே இருக்கின்றன. 1950இல் வந்த ஸோரோ நையாண்டியை இன்றும் ரசித்துப் பார்க்கலாம். 1950களின் கடைசியில் வந்தவற்றில் பலவற்றில் களைப்புத் தெரியும்.

அந்தக் களைப்பு அவருடையது மட்டும் இல்லை, தொழில் முழுவதுமே தளர்ந்துகொண்டிருந்தது. 1950இல் தொலைக்காட்சி வந்தது. பாட்டுக்கும் வீரத்துக்கும் பெயர்போன ஹோர்ஹே நெக்ரேதே 1953இல் மறைந்தார், மக்களின் செல்லப்பிள்ளை பெத்ரோ இன்ஃபான்தே 1957 ஏப்ரலில் விமான விபத்தில் இறந்தார். 1957, 1958 ஆண்டுகளில் தெபெயாக், கிளாசா, ஆஸ்தேகா ஸ்டூடியோக்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. மலிவாக, வேகமாக எடுப்பதே பிழைக்கும் வழி என்றாகிவிட்டது.

அந்த நாட்களின் நிலைமைக்கு ஓர் உதாரணம் சொன்னால் போதும். 'லா காசா தெல் தெர்ரோர்' என்று ஒரு பேய்ப்பட நகைச்சுவை. ஹாலிவுட்டில் ஓநாய் மனிதன் வேடத்துக்குப் பெயர்பெற்ற லான் சானி ஜூனியரே அதில் டின் டானோடு நடித்தார். பின்னால் ஓர் அமெரிக்க விநியோகஸ்தர் அதை வாங்கி, வேறொரு மெக்சிகோ படத்தின் துண்டுகளோடு ஒட்டி, தன் ஊர்ச் சந்தைக்கு ஒரு திகில் படமாக்கி 1964இல் வெளியிட்டார். அதில் கதாநாயகனான டின் டானின் காட்சிகள் கிட்டத்தட்ட முழுதாக வெட்டப்பட்டிருந்தன. அமெரிக்க எல்லையோரத்தில் வளர்ந்து, இரண்டு மொழியிலும் விளையாடிய ஒரு கலைஞனை அமெரிக்க ரசிகர்களுக்குக் காட்ட வேண்டிய இடத்தில், அவரை மட்டும் கத்தரித்துப் போட்டார்கள். இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

ஆனால் அறுபதுகளின் இறுதியில் எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒரு பெரிய வேலை வந்தது. டிஸ்னி படங்களின் ஸ்பானிஷ் டப்பிங்கை மெக்சிகோவில் நடத்தி வந்தவர் எத்முந்தோ சாந்தோஸ். நம் நாட்டுக் காட்டில் நடக்கும் கதையான 'ஜங்கிள் புக்' படத்தில் பாலு கரடிக்கு அவர் டின் டானை அழைத்தார். ஆங்கிலத்தில் ஃபில் ஹாரிஸ் சோம்பலும் சுகமுமாகப் பாடிய அதே பாட்டை டின் டான் பாடியதைக் கேளுங்கள். மொழி தெரியாவிட்டாலும், ஹுவாரெஸில் கேட்ட ஸ்விங் அத்தனை வருடம் கழித்துக் குரலில் அப்படியே துள்ளுவதை உணரலாம். 1970இல் வந்த 'அரிஸ்டோகேட்ஸ்' படத்தில் தெருப்பூனை ஓமாலிக்கும் அவரே குரல். அந்த டப்பிங்தான் ஸ்பானிஷ் பேசும் நாடுகள் எங்கும், ஸ்பெயின் உட்பட, ஓடியது. அவர் முகத்தைத் திரையில் பார்த்தே இராத குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக அவர் குரலைக் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். எழுதிக் கொடுத்த வசனத்துக்குள், இன்னொருவர் வரைந்த வாயசைவுக்குள், இப்படி உயிரூட்டியது அவருடைய சிறந்த நடிப்புகளில் ஒன்று என்பது என் கருத்து. டப்பிங் தானே என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மார்செலோ 1970இல் இறந்தார். டின் டானுக்குக் கடலும் படகும் உயிர். 'கபித்தான் மந்தர்ராயா' என்று கடல் சார்ந்த ஒரு படத்தை அவரே இயக்கி நடித்தார். அது கடைசிக் காலப் படம், நோய் முற்றிக்கொண்டிருந்தது. 1973 ஜூன் 29 அன்று, 57 வயதில், கல்லீரல் நோயால் காலமானார்.

அந்தக் குடும்பத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு அவர் தம்பியைத்தான் முதலில் தெரியும். 'எல் சாவோ தெல் ஓச்சோ' என்ற தொலைக்காட்சித் தொடரில் வாடகை தராமல் தப்பித்துக்கொண்டே இருக்கும் தோன் ரமோன், அவர் தம்பி ரமோன் வால்டெஸ். லத்தீன் அமெரிக்கா முழுவதும், போர்ச்சுகீசு பேசும் பிரேசிலிலும்கூட, அந்த முகத்தைத் தெரியாதவர் குறைவு. ரமோன் சினிமாவுக்குள் வந்ததே அண்ணன் படங்களின் சின்னச் சின்ன வேடங்கள் வழியாக. இன்னொரு தம்பி மானுவேல் 'எல் லோகோ' வால்டெஸும் தொலைக்காட்சி நகைச்சுவையில் பெரிய ஆள், 2020வரை வாழ்ந்தவர்.

மறைவுக்குப் பிறகு மெக்சிகோ தொலைக்காட்சிகள் அவர் படங்களைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. முன்பு முகம் சுளித்த அறிவுலகத்திலிருந்து கார்லோஸ் மொன்சிவாய்ஸ் போன்ற கட்டுரையாளர்கள் அவரைப் பெருநகரப் பண்பாட்டின் முக்கியக் கலைஞராக எடுத்து எழுதினார்கள். மொழியைக் கெடுத்தவர் என்ற பழைய குற்றச்சாட்டு இப்போது தலைகீழாகிவிட்டது. எல்லையின் இருபுறமும் வாழும் மெக்சிகோ மக்கள் தங்கள் கலப்புப் பேச்சுக்கு முன்னோடியாக அவரைக் கொண்டாடுகிறார்கள். ஹுவாரெஸில் அவருக்கு பச்சூக்கோ உடையிலேயே சிலை வைத்திருக்கிறார்கள்.

பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை: முதலில் 'எல் ரேய் தெல் பார்ரியோ', பிறகு 'எல் சென்னிசியெந்தோ', அதன்பின் 1951இல் வந்த 'எல் ரெவொல்தோசோ'. ஊர் வம்பையெல்லாம் விலைக்கு வாங்கும் ஒருவனாக அதில் வருகிறார், உடல்மொழிச் சிரிப்பு அதிகம் என்பதால் மொழி அவ்வளவு தடையாக இருக்காது. இந்த மூன்றும் பிடித்துவிட்டால் 1945ஆம் ஆண்டின் 'எல் ஹிஹோ தெசொபெதியென்தே'வுக்குப் போகலாம். அதை முதலில் பார்க்க வேண்டாம், படத்தின் தொய்வைப் பார்த்து அவரையும் அளந்துவிடுவீர்கள். வசனத்தின் மொழிபெயர்ப்பு எழுத்து (சப்டைட்டில்) இல்லாத பிரதிதான் கிடைத்தது என்றால், மார்செலோவும் அவரும் சேர்ந்து பாடும் காட்சிகளை மட்டுமாவது தேடிப் பாருங்கள். அவற்றுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.